பெர்சிவல் பாட்டின் முறிவு மருத்துவத்தில் வலிதணிப்பு
இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1756இல் குதிரையிலிருந்து விழுந்தார். முறிந்த காலெலும்பு தோலைக் கிழித்து வெளிவந்தது. கதவொன்றை விலைக்கு வாங்கி, கழிகளோடு ஆணியடித்து இணைக்கச் செய்து, அதன்மேல் கிடந்தே வீடு சேர்ந்தார் என்கிறார் அவருடைய மருமகனும் வரலாற்றாசிரியருமான ஜேம்ஸ் எர்ல். காலைத் துண்டிக்க ஆயத்தமாயிருந்த வேளையில் ஆசிரியர் எட்வர்டு நௌர்ஸ் வந்து, காலைக் காக்கலாம் என்றார், கால் பிழைத்தது.

இந்நிகழ்ச்சியினும், பின்னர் முறிவுகள் குறித்துப் பாட் எழுதிய நூலே வலிதணிப்பு வரலாற்றில் முதன்மையானது. காலை நீட்டிவைத்து இழுத்து எலும்பைப் பொருத்துவதே அக்கால வழக்கம். அவ்விழுப்பை எதிர்ப்பவை இறுகிய தசைகளே. முழங்காலை மடக்கித் தசைகளைத் தளர்த்தினால் எலும்பு எளிதில் பொருந்தும், வலியும் குறையும் என்றார் பாட். ஈதர் மயக்க அறுவை 1846இல்தான் பொதுவில் செய்துகாட்டப்பட்டது. அதற்கு முற்பட்ட அந்நாளில், நோயாளியின் கிடைநிலையையே வலிதணிக்கும் வழியாகக் கண்டமை பாட்டின் பங்களிப்பாகும்.