கண்டி மலைத்தோட்டங்களில் வயதும் குருதியமுக்கமும்

வயதோடு குருதியமுக்கம் உயர்வது இயற்கை நியதி என்ற கருத்து மருத்துவ உலகிலே நெடுங்காலம் நிலவியது. வயதுடன் நூறைக் கூட்டினால் மேலெண் கிடைக்கும் என்ற வாய்பாடு அதன் விளைவேயாகும். சமூகத்தின் ஆக்கத்தை இயற்கையின் ஆக்கமாகக் கொள்ளும் இப்போக்கு இலக்கிய வரலாற்று மாணவருக்குப் புதியதன்று.

பச்சிளங் குழந்தையின் மேலெண் ஏறத்தாழ 70. பத்து வயதில் அது 100 அளவினதாகும். வளர்ந்தோரில் 120/80க்குக் கீழ் இருப்பதே நலம். இதுவரையிலான உயர்ச்சி உடல் வளர்ச்சிக்குரியது. அதன் பின்னரும் உயரத்தான் வேண்டுமா? 32 நாடுகளில் நடைபெற்று 1988இல் வெளியான 'இன்டர்சோல்ட்' ஆய்வு, மிகக் குறைந்த உப்பை உண்ட நான்கு ஒதுங்கிய மக்கட் கூட்டங்களிலே வயதோடு அமுக்கம் பெரிதும் உயரவில்லை எனக் கண்டது. பிரேசிலின் யனோமாமி மக்கள் அவர்களுள் ஒரு சாரார்.

ஆகவே கண்டிச் சீமையிலும் வயது என்பதை வரலாற்றோடு இணைத்தே நோக்குதல் வேண்டும். கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வழியாக நடந்துவந்த தொழிலாளருட் பலர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரிலே தொடக்கிய தேயிலைப் பயிர்ச்செய்கையோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகளை வேண்டிநின்றது. பெண்களும் குடும்பங்களும் லயங்களிலே நிலைபெற்றனர். கருவறை தொடக்கம் முதுமை வரை மனித ஆயுள் முழுவதும் தோட்டத்துள் அடங்கியது அப்போதுதான்.

தோட்ட மருத்துவம் அந்த ஆயுள் முழுவதையும் கருத்திற் கொள்ளவில்லை. 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் மாத்தளைத் தோட்டங்களிலே தொடங்கியது. ரிவா-றொச்சியின் அமுக்கமானி தோன்றி அப்போது இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன. கொரொட்கொவ் ஒலிகொண்டு அளக்கும் முறையை வகுத்துப் பதினொரு ஆண்டுகள். எனினும் சோகை இன்றைய வேலையைக் கெடுப்பது. உயரமுக்கமோ பல்லாண்டு கழிந்து, உழைப்பு ஓய்ந்த உடலையே பெரும்பாலும் தாக்குவது. மூலதனத்தின் அக்கறை எங்கே முடிவுற்றது என்பது இதனாற் புலனாகும். மலையக நாட்டார் பாடல்கள் குளிரையும் அட்டைக்கடியையும் பேசுவன. வலியின்றி வளரும் இந்நோய் பாட்டிலே இடம்பெறாததில் வியப்பில்லை.

பிற்கால அமுக்கத்தின் வேர் கருவிலேயே உண்டென டேவிட் பார்க்கர் 1989 அளவில் வாதிட்டார். எடை குறைந்து பிறந்தோரிடம் பிற்காலத்தில் அமுக்கம் உயர்ந்து காணப்பட்டமை அவரது சான்று. இலங்கையிலே எடை குறைந்த பிறப்புகள் விகிதப்படி மிகுந்து காணப்படுவது தோட்டத் துறையிலேயே என்பதை நினைக்கும்போது இவ்வாதம் நமக்கு அயலானதன்று. கருவுற்ற கொழுந்துப் பெண்ணின் அமுக்கம் 140/90ஐத் தொடுமாயின் தாய், சேய் இருவருக்கும் ஆபத்து. அவளது வேலைப்பளுவையும் உணவையும் விட்டு அவ்வெண்ணை மட்டும் குறித்துவைப்பது அரைப் பணியேயாகும். ரொட்டிக்குத் துணையாகச் சம்பலும் கருவாடுமே வாய்க்கும் வீட்டில், நாளுக்கு 5 கிராமுக்குட்பட்ட உப்பு என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை கூலியையும் சேர்த்தே பேசவேண்டிய ஒன்று.

முதியோரைப் பற்றியும் பழைய வாய்பாடு பிழைத்துவிட்டது. 80 வயதைக் கடந்த உயரமுக்க நோயாளரிடையே நடத்தப்பெற்று 2008இல் வெளியான ஆய்வு, மருந்து கொடுத்தோரிடையே இறப்புக் குறைந்ததைக் காட்டியது. எழுந்து நிற்கையில் தலைசுற்றும் முதியவருக்கு, இருக்கும்போதும் நிற்கும்போதும் அளந்த பின்னரே மருந்தின் அளவை மருத்துவர் தீர்மானிப்பார்.