முறிவும் பயிற்சியும்: நெடுந்தூரத் துவிச்சக்கர ஓட்ட வரலாற்றில் ஒரு நோக்கு

1979ஆம் ஆண்டு மே மாதம் 2ஆந் திகதி கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றித் தொடங்கிய துவிச்சக்கர வண்டி ஓட்டமொன்று, அம்மாதம் 10ஆந் திகதியே முடிவுற்றது. இடைப்பட்ட 187 மணித்தியாலமும் 28 நிமிடமும் பகலென்றும் இரவென்றும் பாராது ஒருவரே அவ்வண்டியை மிதித்துக்கொண்டிருந்தார். அக்காலத்தில் உலக சாதனையெனக் கின்னஸ் நூலில் இடம்பெற்ற இவ்வரிய செயலைச் செய்தவர் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த வி. எஸ். குமார் ஆனந்தன். 1971ஆம் ஆண்டிலே தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திச் சென்று, மீண்டும் நீந்தியே தாயகம் திரும்பி, அவ்விரு வழியையும் 51 மணித்தியாலத்திற் கடந்தவரும் அவரே. தமிழ் மக்கள் அவரை 'ஆழிக்குமரன்' என வழங்கினர்.

அவரது வாழ்க்கையை எழுதியோர் குறிப்பிடும் செய்தியொன்று ஈண்டுச் சிறப்பாக நோக்கற்பாலது. இளம்பிள்ளை வாதமெனக் கருதத்தக்க நோயொன்று அவரைச் சிறுவயதிற் பற்றியிருந்தது என்பதே அச்செய்தி. நோயுற்று மீண்ட ஓர் உடல் எட்டு நாள் ஓட்டத்துக்கு எங்ஙனம் ஆயத்தமாயிற்று என்னும் வினா எழுதல் இயல்பே. மனவுறுதி என ஒரு சொல்லால் விடை கூறி அமைவாருளர். மனவுறுதி வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் படுக்கையிற் கிடக்கும் நோயாளர் பலரிடத்தும் அது குறைவின்றியே காணப்படுகின்றது. உடல் மீள்வதற்கு வேறொரு முறையும் உண்டு. அம்முறையை மனித இனம் கண்டு, கைவிட்டு, மீண்டும் கண்ட வரலாறு சுவையுடையது.

காயமுற்றவன் கிடந்து ஓய்வு கொள்ளல் வேண்டும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு மேனாட்டு மருத்துவத்தின் உறுதியான கொள்கையாக இருந்தது. இலண்டன் சத்திரவைத்தியரான யோன் ஹில்டன் என்பார் 1863ஆம் ஆண்டில் ஓய்வின் சிறப்பைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். லிவர்ப்பூல் நகரத்து ஹியூ ஓவன் தோமஸ், முறிந்த உறுப்புக்கு ஓய்வு கட்டாயமாகவும், இடையீடின்றியும், நெடுங்காலமும் அளிக்கப்படல் வேண்டுமெனப் போதித்தார். வியப்பு யாதெனில், தோமஸ் வழிவழியாக முறிவு வைத்தியம் செய்துவந்த வேல்சு நாட்டுக் குடும்பத்தில் உதித்தவர். யாழ்ப்பாணத்து ஒட்டகப்புலத்து முறிவு வைத்தியரைப் போன்றே, ஏடு கல்லாது கைப்பழக்கத்தால் என்பு பொருத்துந் திறன் பெற்றவர்கள் அவர்தம் முன்னோர். பிரான்சு தேசத்து லூக்கா சம்பியோனியர் போன்ற சிலர் இக்கொள்கையை மறுத்து, முறிந்த உறுப்பையும் விரைவில் மெல்ல அசைத்தல் வேண்டுமென வாதாடினர். அவர்தம் குரல் நெடுங்காலம் எடுபடவில்லை.

ஓய்வுக் கொள்கை முற்றிலும் பிழையானதன்று. புதிதாய் முறிந்த என்பு அசையாதிருத்தல் வேண்டும் என்பதை எவரும் மறார். பிழை யாதெனில், முறிந்த உறுப்புக்கு உரிய ஓய்வை முழு உடலுக்கும் விதித்தமையும், சில கிழமைகளுக்கு உரியதை மாதக்கணக்கில் நீட்டியமையுமே. அதன் விளைவை 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டலஸ் நகரிற் செய்யப்பட்ட ஆராய்ச்சியொன்று துலக்கமாகக் காட்டிற்று. நல்ல உடல்நலமுடைய இருபது வயது மாணவர் ஐவர் இருபது நாள் படுக்கையிற் கிடத்தப்பட்டனர். எழுந்தபோது அவர்களின் உடல் பிராணவாயுவைப் பயன்படுத்தும் உச்ச வலிமை கால்பங்குக்கு மேற் குறைந்திருந்தது. பின்னர் ஏறத்தாழ இரண்டு மாதப் பயிற்சியினால் இழந்ததை மீளப் பெற்றனர். முப்பது ஆண்டுகளின் பின்னர் அதே ஐவரையும் மீண்டும் சோதித்தபோது, முப்பதாண்டு முதுமை செய்த கேட்டினும் மூன்று கிழமைப் படுக்கை செய்த கேடே பெரிதெனத் தெரிந்தது!

மேனாட்டார் இருபதாம் நூற்றாண்டிற் கண்ட இவ்வுண்மையின் வித்து, பாரத நாட்டின் பழைய மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதையில் உள்ளது. முறிவுகளுக்குச் சிகிச்சை கூறும் அதிகாரத்தில், இளமையில் ஒரு மாதத்திற் பொருந்தும் என்பு நடுவயதில் அதன் இருமடங்கு காலத்திலும் முதுமையில் மும்மடங்கு காலத்திலும் பொருந்தும் என அந்நூல் வரையறுக்கின்றது. அதனினும் சிறந்தது, கையில் முறிவுற்றவனுக்கு அது விதிக்கும் பயிற்சி. முதலில் மண்ணுருண்டையைக் கையில் ஏந்தல் வேண்டும்; அதன்பின் உப்புக்கட்டியை ஏந்தல் வேண்டும்; கையில் வலிமை பிறந்தபின் கல்லை ஏந்தல் வேண்டும். மண், உப்பு, கல் என்னும் இம்மூன்று படியில் அடங்கியிருப்பது ஒரு முழுக் கோட்பாடு. சுமை இருத்தல் வேண்டும். அது சிறிதாய்த் தொடங்கல் வேண்டும். வலிமை வந்ததை அறிந்த பின்னரே ஏற்றப்படல் வேண்டும். மூன்றாம் படிக்கு மட்டும் 'வலிமை பிறந்தபின்' என நூலாசிரியர் நிபந்தனை கூறியிருத்தல் கூர்ந்து நோக்கத்தக்கது. நாளை எண்ணிக் கல்லை எடுக்குமாறு அவர் கூறவில்லை; கையைக் கேட்டு எடுக்குமாறே கூறினார்.

இக்கோட்பாட்டை இக்கால மருத்துவத்தில் நிலைநாட்டியவர் அமெரிக்க இராணுவ வைத்தியரான தோமஸ் டிலோம். சிறுவயதில் வாதக்காய்ச்சலால் நெடுநாள் படுக்கையிற் கிடந்த அவர், பின்னர் பாரந்தூக்கிப் பழகித் தம் உடலைத் தாமே தேற்றிக்கொண்டவர். இரண்டாம் உலகப் போரிற் காயமுற்ற வீரர்கள் மருத்துவமனைகளில் நிறைந்து கிடந்தபோது, முழங்கால் மெலிந்தவர்களுக்குப் படிப்படியாகப் பாரமேற்றும் பயிற்சியை அளித்து, அதன் பயனை 1945ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதற்குச் சற்று முன்னரே, அவுஸ்திரேலியத் தாதியான எலிசபெத் கெனி, இளம்பிள்ளை வாதமுற்ற சிறுவரின் உறுப்புக்களைச் சாந்துக் கட்டினுள் அடைத்துவைக்கும் வழக்கத்தை எதிர்த்து, வெந்நீர்த் துணி ஒற்றடமும் உறுப்பசைவும் கொண்ட முறையைப் பரப்பிவந்தார். அந்நோயில் முள்ளந்தண்டிலுள்ள இயக்க நரம்புக் கலங்கள் பல அழிந்துபோக, எஞ்சியவை புதிய கிளைகளை விட்டு, அநாதையான தசையிழைகளையும் தம்மோடு இணைத்துக்கொள்கின்றன என்பது இன்று தெளிவு. அங்ஙனம் மீண்ட தசை வலிமையுடையதே. எனினும் சில நரம்புகள் பலவற்றின் பாரத்தைச் சுமக்கின்றன. அளவுமீறிய உழைப்பினால் பல்லாண்டு கழித்து அவை மீண்டும் தளர்தலும் உண்டு. இதனை மனத்திற்கொண்டு நோக்கின், 1980ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆனந்தன் கொழும்பில் 33 மணித்தியாலம் ஒற்றைக்காலில் நின்றமையின் அருமை இன்னும் விளங்கும்.

காயமுற்றோர் பயிற்சிக்குத் துவிச்சக்கர வண்டி ஏன் ஏற்றதாயிற்று? ஓடுபவனுடைய ஒவ்வோர் அடியும் நிலத்தில் மோதி உடலை அதிர்விக்கின்றது. வண்டியோட்டுபவனது பாரத்தையோ ஆசனம் தாங்குகின்றது. கால்கள் மோதுதலின்றி வட்டமாகச் சுழலுகின்றன. பல்லிணையை மாற்றிச் சுமையை வேண்டியவாறு கூட்டவுங் குறைக்கவும் இயலும். மண்ணுருண்டையும் உப்புக்கட்டியும் கல்லும் ஒரே பொறியில் அமைந்துவிட்டன என்னலாம். துவிச்சக்கர வண்டி தோன்றுமுன்னரே இதன் முன்னோடி தோன்றிவிட்டது: 1796ஆம் ஆண்டில் இலண்டனில் பிரான்சிஸ் லௌண்ட்ஸ் என்பார், நோயாளர் அமர்ந்து கைகாலைச் சுழற்றுவதற்கென நிலையான பொறியொன்றுக்கு உரிமைப் பத்திரம் பெற்றிருந்தார். இன்றைய வைத்தியசாலைகளில் உள்ள நிலைவண்டி அதன் வழித்தோன்றலே.

மிதிவண்டிப் போட்டி வரலாற்றிற் காயத்தோடு போராடினோர் பலர். அவருள் இருவரை ஒப்பிட்டு நோக்கல் பயன்தரும். 1956ஆம் ஆண்டு இத்தாலியச் சுற்றோட்டத்தில் பியோரென்சோ மாஞி என்பார் விழுந்து இடது காறையென்பு முறிந்தும் ஓட்டத்தைக் கைவிடவில்லை. இடக்கையால் கைப்பிடியை இழுக்க இயலாமையால், வண்டிக் குழாய் இறப்பர்த் துண்டொன்றைக் கைப்பிடியிற் கட்டி, மறுமுனையைப் பற்களாற் கவ்விக்கொண்டு மலையேறினார். பின்னரும் ஒருமுறை விழுந்து மேற்கையென்பும் முறிய, அங்ஙனமே ஓடி முடித்து இரண்டாமிடம் பெற்றார். பற்களால் இறப்பரைக் கவ்விய அவரது நிழற்படம் உலகப் புகழ் பெற்றது. அது போற்றத்தக்க வீரமே, பின்பற்றத்தக்க முறையன்று. இளைஞர் பலர் அப்படத்தைக் கண்டு கற்பது, கற்கவேண்டியதற்கு நேர்மாறானது.

மற்றவர் அமெரிக்கரான கிரெக் லெமோண்ட். 1986ஆம் ஆண்டில் பிரான்சுச் சுற்றோட்டத்தில் வென்ற முதல் ஐரோப்பியரல்லாதார் அவரே. மறு ஆண்டு ஏப்பிரல் 20ஆந் திகதி, வேட்டையின்போது உறவினர் ஒருவரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்து, ஏறத்தாழ அறுபது ஈயக் குண்டுகள் அவருடலிற் பாய்ந்தன. குருதியின் பெரும்பகுதியை இழந்தார். குண்டுகளில் முப்பதுக்கு மேற்பட்டவை நீக்கவியலாது உடலிலேயே தங்கிவிட்டன. ஈராண்டுக் காலம் அவர் ஓடிய போட்டிகளில் அடைந்தது பெரும்பாலும் தோல்வியே. 1989ஆம் ஆண்டு இத்தாலியச் சுற்றோட்டத்தில் மலைகளிற் பின்தங்கி 39ஆம் இடத்தில் முடித்தார். எனினும் அதன் கடைசி நாள் நேர ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தார். சில கிழமைகளின் பின் பிரான்சுச் சுற்றோட்டத்தின் இறுதி நாளில், 24.5 கிலோமீற்றர் நேர ஓட்டத்தின் தொடக்கத்தில் 50 செக்கன் பின்தங்கியிருந்தவர், மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட அச்சுற்றோட்டத்தை 8 செக்கனால் வென்றார். அந்த எட்டுச் செக்கனையே உலகம் பேசுகின்றது. அதற்கு முற்பட்ட ஈராண்டுத் தோல்விகளே உண்மையில் அவருடைய மண்ணுருண்டையும் உப்புக்கட்டியும் ஆயின.

மலைவழித் துவிச்சக்கர ஓட்டம் மிகப் பிற்காலத்தது. கலிபோர்னியாவின் தமல்பயிஸ் மலைச் சாரலில், பருத்த சக்கரமுடைய பழைய வண்டிகளை இளைஞர் சிலர் மண்பாதையிற் கீழ்நோக்கி ஓட்டிப் போட்டியிட்டது 1976ஆம் ஆண்டில். 1990ஆம் ஆண்டில் டுராங்கோ நகரில் அதற்கு உலகப் போட்டி நடந்தது. 1996ஆம் ஆண்டில் ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றது. தென்னாபிரிக்காவில் 2004ஆம் ஆண்டில் தொடங்கிய கேப் எப்பிக் போன்ற பல நாள் ஓட்டங்கள் அதன் நெடுந்தூர வடிவம். காயத்திலிருந்து மீள்பவருக்கு இவ்வகை ஓட்டம் ஒரு தனி இடர் விளைக்கும். நெடுஞ்சாலையில் ஆசனம் தாங்கிய பாரத்தை, கரடுமுரடான இறக்கத்திற் கைகளும் கால்களும் தாங்கவேண்டும். கற்களின் அதிர்வு முழுவதும் மணிக்கட்டு, முழங்கை, தோள் என ஏறிவரும். அன்றியும் உடலின் உறுப்புக்கள் ஒரே கதியில் மீள்வதில்லை. குருதியும் இதயமும் சில கிழமைப் பயிற்சியிலேயே தேறிவிடும். தசை அதன்பின் தேறும். குருதியோட்டம் குறைந்த தசைநாணும் பிணையமும் என்பும் மாதக்கணக்கிற் பின்தங்கி வரும். இதயம் முந்துவதால் ஓட்டுநர் தாம் முழுதும் நலமடைந்துவிட்டதாக எண்ணுவர். மறுமுறை முறிவு நேர்வது பெரும்பாலும் அந்த எண்ணத்தினாலேயே.

தொடங்கும் மனவுறுதியும் நிறுத்தும் அறிவும் வெவ்வேறானவை. எத்தனையோ சாதனைகளை நிகழ்த்திய ஆனந்தன், 1984ஆம் ஆண்டு ஓகஸ்டு 6ஆந் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று. வல்வெட்டித்துறையில் அவர் பெயரால் நீச்சல் தடாகமொன்று அமைந்துள்ளது.

கொழும்பில் வாழும் ஓட்டுநருக்கு இந்நாட்டின் நிலவமைப்பே படிமுறைப் பயிற்சியை வகுத்து வைத்திருக்கின்றது. வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ புறப்படுபவருக்குக் கரையோர வீதி முழுவதும் சமநிலமே. காலி வீதியின் வாகன நெரிசலன்றி வேறு தடையில்லை. கண்டி வீதியிற் சென்றால், தேசாதிபதி சேர் எட்வேட் பாண்ஸ் காலத்தில் 1820களில் அமைக்கப்பட்ட பாதையிற் கடுகண்ணாவைக் கணவாயே முதலாவது மெய்யான ஏற்றம். அப்பாதையை அமைத்த கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் உச்சியில் நிற்கின்றது. அது வரை மூச்சுவாங்காது ஏறியவர் அடுத்த படிக்குத் தகுதியுடையார். கம்பளையினின்று இறம்பொடை வழியாக 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஏறுவது மூன்றாம் படி. அங்கிருந்து பிரியும் தேயிலைத் தோட்டத்துக் கற்பாதைகளிலேதான் மலைவண்டிக்கு உண்மையான வேலை உண்டு. மணிக்கட்டு முறிந்து ஆறியவர் அப்பாதைகளை முதற் சில மாதம் ஏறுவதற்கு மட்டும் பயன்படுத்துதல் தகும். இறங்குவதற்குத் தோட்டத்து லொறியொன்றை நாடுவதில் இழுக்கொன்றுமில்லை.