வால்வுகளைச் சீண்டிப் பார்த்தவர்கள்

பழைய மின்னணு வால்வுகள் (வெற்றிடக் குழாய்கள்) பெரும்பாலும் சுவிட்சைப் போடும் நேரத்தில்தான் உயிரை விடும். லண்டன் டாலிஸ் ஹில்லில் தபால் துறை ஆய்வுக்கூடத்தில் இருந்த டாமி ஃப்ளவர்ஸுக்கு, தொலைபேசி இணைப்பகங்களில் பெற்ற அனுபவத்தால் இது தெரியும். போர்க்காலச் சங்கேதங்களை உடைக்க, சுமார் 1,600 வால்வுகளோடு கொலாசஸ் இயந்திரத்தை 1943-ல் அவர் கட்டியபோது, இத்தனை வால்வுகள் தாங்காது என்று பலர் நம்பினார்கள். அவர் அதை அணைக்காமலே ஓடவிட்டார். தாங்கியது.

1946-ல் பிலடெல்பியாவில் அறிமுகமான எனியாக் கணினியில் சுமார் 18,000 வால்வுகள். அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான எக்கர்ட், வால்வுகளை அனுமதிக்கப்பட்ட மின் அளவுக்கும் கீழேயே இயக்கினார். அப்படியும் ஓரிரு நாளுக்கு ஒன்று போனது. போனதைத் தேடிப் பிடித்து மாற்றினார்கள்.

எம்ஐடியில் ஜே ஃபாரஸ்டர் குழு உருவாக்கிய வேர்ல்விண்ட் கணினிக்கு இந்தத் தாமதம் கட்டுப்படியாகாது. வரும் தகவலுக்கு அந்த நொடியே விடை சொல்ல வேண்டிய இயந்திரம் அது. ஒரேயடியாகச் செத்த வால்வையாவது கண்டுபிடித்துவிடலாம்; மெல்ல நலிந்து, எப்போதாவது மட்டும் தவறு செய்யும் வால்வுதான் பெரும் தொல்லை. அதனால் அவர்கள் நலிவை வலிய வெளியே இழுத்தார்கள். சோதனை நிரல் ஒன்றை ஓடவிட்டு, கணினியின் ஒவ்வொரு பகுதிக்கும் போகும் மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். நல்ல வால்வு அந்த நெருக்கடியைத் தாங்கும். தளர்ந்தது அங்கேயே தடுமாறிக் காட்டிக்கொடுத்துவிடும். வேலை நேரத்தில் நேரவிருந்த பழுது சோதனை நேரத்திலேயே வெளிப்பட, வால்வைக் கழற்றி மாற்றினார்கள். மின்னணுவியல் வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான பராமரிப்பு யோசனை அபூர்வம்.

வால்வுகள் ஏன் தளர்கின்றன என்றும் தோண்டினார்கள். வால்வின் கேத்தோடில் (எதிர்மின்வாயில்) இருந்த நிக்கலில் கலந்திருந்த சிலிக்கான்தான் காரணம். அதை நீக்கியதும் வால்வின் ஆயுள் 500 மணியிலிருந்து 5,00,000 மணியாக உயர்ந்தது என்று ஃபாரஸ்டர் பின்னாளில் கணக்குச் சொன்னார்.

1958-ல் இயங்கத் தொடங்கிய அமெரிக்க வான்பாதுகாப்பு அமைப்பான சேஜ், வேர்ல்விண்டின் மின்னழுத்தச் சோதனை முறையை அப்படியே எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு மையத்திலும் இரண்டு கணினிகள்: ஒன்று வேலையில், மற்றது மாற்றுக்கு.

பழுதை முன்கூட்டியே அறியும் இதே எண்ணத்தில், 1990-களில் ஹார்ட் டிஸ்குகள் தம் உடல்நிலையைத் தாமே கணித்துச் சொல்லும் 'ஸ்மார்ட்' வசதி வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளைக் கவனித்து கூகுள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், செயலிழந்தவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. டிஸ்க் எச்சரிக்கும்வரை காத்திருக்காமல், உங்கள் கோப்புகளுக்கு இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள்.