சுவருள்ள உயிரும் சுவரற்ற உயிரும்

கிருமியைக் கொல்லும் பொருள்கள் மருத்துவ உலகுக்குப் புதியவை அல்ல. கிருமியைக் கொன்று நோயாளியைத் தப்பவிடும் பொருள்தான் நெடுங்காலம் அரிதாக இருந்தது. 1928இல் இலண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டறிந்து, 1940களின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி, செயின் குழுவினர் மருந்தாக்கிய பென்சிலின் அத்தகையதாக அமைந்ததற்குக் காரணம், அது தாக்கும் உறுப்பு மனித உயிரணுவில் இல்லவே இல்லை என்பதாகும்.

பாக்டீரியாவின் உள்ளே உப்புகளும் பிற கரைபொருள்களும் செறிந்திருப்பதால் வெளிநீர் ஓயாது உட்புக முயல்கிறது. அதனால் எழும் அழுத்தம் சில இனங்களில் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 20 மடங்கை எட்டுவதுண்டு. அதைத் தாங்கி நிற்பது பெப்டிடோகிளைக்கன் என்னும் செல்சுவர். சர்க்கரை மூலக்கூறுகளாலான இழைகளை அமினோ அமிலங்களின் குறுந்தொடர்கள் குறுக்கே பிணைத்த வலை அது. பிணைப்பை முடிக்கும் நொதி, அதாவது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம், குறுந்தொடரின் முனையிலுள்ள இரண்டு அலனைன்களைப் பற்றிச் செயற்படுகிறது. பென்சிலினின் வடிவம் அம்முனையை ஒத்திருப்பதால் நொதி அதனையே பற்றிவிட, பீட்டா-லாக்டம் எனப்படும் நாற்கோண வளையம் திறந்து நொதியோடு இறுகப் பிணைந்து அதை முடக்கிவிடுகிறது. வளரும் பாக்டீரியா பழைய சுவரை அறுத்தறுத்துப் புதியதைப் பிணைத்தாக வேண்டும். அறுப்பு தொடர, பிணைப்பு மட்டும் நின்றுபோவதால் சுவர் நலிந்து, பாக்டீரியா தன் அழுத்தத்தாலேயே வெடிக்கிறது. வளராமல் உறங்கிக் கிடக்கும் பாக்டீரியாவிடம் பென்சிலின் பெரிதும் பலிக்காததும் இதனாலேயே. சிலருக்கு நேரும் ஒவ்வாமை, உயிருக்கே ஆபத்தாகக்கூடியதெனினும், உடலின் நோயெதிர்ப்பு மண்டலத்தின் எதிர்வினையேயன்றி இத்தாக்குதலின் நீட்சி அன்று. இலக்கின் தூய்மையைக் கொண்டு மதிப்பிட்டால், பென்சிலின் குடும்பத்துக்கு நிகரான மருந்துகள் மிகச் சிலவே.

புரதம் தொகுக்கும் ரைபோசோமைத் தாக்கும் மருந்துகளுக்கு அவ்வளவு தெளிவான எல்லை வாய்க்கவில்லை. ரைபோசோம் மனிதருக்கும் உண்டு, அமைப்பில் மட்டுமே வேறுபாடு. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் கேம்பிரிட்ஜில் தம் குழுவினருடன் 2000இல் பாக்டீரிய ரைபோசோமின் சிறுபகுதியில் ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய மருந்துகள் அமரும் இடங்களை அணுவளவில் வரைந்து காட்டினார். ரைபோசோம் ஆய்வுக்காக 2009இல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். இவ்வகை மருந்துகளுள் ஒன்றான ஜென்டாமைசின் அமரும் இடத்தில், ரைபோசோமின் ஆர்.என்.ஏ. எழுத்தாகப் பாக்டீரியாவுக்கு அடினின் இருக்க, மனித உயிரணுவின் முதன்மை ரைபோசோமில் குவானின் இருக்கிறது. அந்த ஓர் எழுத்தின் மாற்றமே பெருமளவு பாதுகாப்பைத் தருகிறது.

ஆயினும், ஆற்றல் ஆக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா தொன்மையான பாக்டீரியாவின் வழிவந்தது. அதன் ரைபோசோமில் அதே இடத்தில் அடினினே நிலைத்திருக்கிறது. தாய்வழியே வரும் ஒரு மரபுமாற்றம் அந்த ரைபோசோமைப் பாக்டீரியாவினதை இன்னும் நெருக்கமாக ஒக்கச் செய்வதால், அம்மாற்றம் உடையோருக்கு ஜென்டாமைசினின் வழக்கமான அளவே செவிப்புலனை நிரந்தரமாகப் பறித்துவிடக்கூடும்.