சிம்பியன் தோற்ற கதையும் ஸ்ரீபெரும்புதூரும்

ஆண்ட்ராய்டா, ஐபோனா என்று நம் வகுப்பில் தினமும் சண்டை. ஒரு காலத்தில் முதலிடத்தில் இருந்த சிம்பியனை யாரும் நினைப்பதில்லை.

நோக்கியா போன்களில் ஓடிய சிம்பியனுக்குக் குறைந்த மெமரி போதும், பேட்டரியும் நிற்கும். வீரசோழன் மாதிரி ஊர்களுக்கு அதுதான் வசதி. ஆனால் பட்டன் காலத்தில் பிறந்த அது தொடுதிரைக்கு ஒத்துவரவில்லை. அதற்கு ஆப் எழுதுவதும் கஷ்டம்.

2007-ல் வந்த ஐபோனில் கருவியும் மென்பொருளும் ஒரே கம்பெனி கையில். சீராக ஓடியது, விலைதான் எட்டாது. 2008-ல் போனில் வந்த ஆண்ட்ராய்டை எந்தக் கம்பெனியும் எடுத்துக்கொள்ளலாம். விலை மலிந்தது, ஆனால் பல போன்களுக்கு அப்டேட் வரவே இல்லை.

2011 பிப்ரவரியில் நோக்கியா விண்டோஸ் போன் பக்கம் சாய்ந்தது. திரை அழகு, ஆப்தான் குறைவு. ஆப் இல்லாததால் வாங்க ஆளில்லை, வாங்க ஆளில்லாததால் ஆப் இல்லை. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் தொழில் மைக்ரோசாப்ட் கைக்குப் போனது. 2006-ல் தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் வரி வழக்கால் அதில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. இத்தனைக்கும் அங்கே தயாரானவை பெரும்பாலும் சாதாரண போன்கள்தான்!

இன்று அதே பகுதியில் பாக்ஸ்கான் ஐபோன் தயாரிக்கிறது. மழை பொய்த்தால் வடக்கே பஸ் ஏறும் நம் திருச்சுழி, அருப்புக்கோட்டை பக்கத்துக்காரர்களுக்கு, எந்த போன் ஜெயிக்கிறது என்பது வெறும் விவாதம் இல்லை. சம்பளம்.