ஒளியால் மங்கி ஒளியால் மீண்டவை: மார்க் ராத்கோவின் ஹார்வர்டு ஓவியங்கள்

முன்னுரை

உருவ ஓவியத்தில் ஒளிக்கு மூலம் உண்டு. கதிரவனோ சாளரமோ விளக்கோ அதனைத் தரும். அரூப ஓவியத்தில் அத்தகைய மூலம் எதுவும் தீட்டப்படுவதில்லை. ஒளியும் சூழலுணர்வும் வண்ணப் படலங்களிலிருந்தே பிறத்தல் வேண்டும். ஆதலின் வண்ணம் மாறின் ஓவியத்தின் பொருளும் மாறிவிடுகிறது. அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ (1903–1970) ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்காகத் தீட்டிய ஓவியங்களின் வரலாறு இதனைத் தெளிவுறுத்தும்.

ஓவியரும் உத்தியும்

இன்றைய லாட்வியாவில் பிறந்த ராத்கோ, 1913இல் அமெரிக்காவில் குடியேறினார். 1949ஆம் ஆண்டளவில், விளிம்பு கரைந்த செவ்வக வடிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அமைக்கும் முறையை எய்தினார். நீர்த்த வண்ணத்தை மெல்லிய படலங்களாகப் பன்முறை பூசியதனால், மேற்படலத்தின் ஊடே அடிப்படலமும் ஒளிர்ந்தது.

நிறமாற்றம்

ஹார்வர்டின் ஹோல்யோக் மையத்தில், பத்தாம் தளத்து உணவுக்கூடத்தில் 1964இல் ஐந்து பெரிய ஓவியங்கள் பொருத்தப்பட்டன. பெருஞ்சாளரங்களின் வழியே அக்கூடத்தில் வெயில் நிறைந்தது. ஓவியங்களில் கலந்திருந்த லித்தால் சிவப்பு எனும் நிறமியோ ஒளியைத் தாங்கும் ஆற்றல் குன்றியது. கருஞ்சிவப்புப் பின்புலம் சிலவிடங்களில் வெளிறிய நீலமாயிற்று. 1979இல் அவை அகற்றப்பட்டுக் காப்பறையில் வைக்கப்பட்டன.

ஒளிவழி மீட்பு

வார்னிஷ் பூச்சு இல்லாத பரப்பில் புதுவண்ணம் தீட்டின், அதனைப் பின்னர் நீக்குதல் அரிது. ராத்கோவின் தூரிகைத் தடமும் மறைந்துவிடும். எனவே பேணுகை வல்லுநர் வேறு வழி கண்டனர். 1964இல் எடுக்கப்பெற்ற வண்ணப் படச்சுருள்களும் மங்கியிருந்தமையால், அவற்றின் நிறங்களை முதலில் கணினிவழி மீட்டனர். கூடத்தில் பொருத்தப்படாது எஞ்சிய ஆறாவது ஓவியம் ஒப்பீட்டிற்கு உதவியது. பின்னர், ஒவ்வொரு புள்ளியிலும் இழந்த நிறத்தின் அளவைக் கணக்கிட்டு, அதனை ஈடுசெய்யும் வண்ண ஒளியை ஓவியத்தின்மீது வீழ்த்தினர். 2014 நவம்பரில் தொடங்கிய காட்சியில், நாள்தோறும் மாலை 4 மணிக்கு ஒளிவீழ்த்திகள் அணைக்கப்பட்டன. அப்போது கருஞ்சிவப்பு அகன்று, மங்கிய பரப்பே பார்வையாளர் முன் நின்றது.

முடிவுரை

ராத்கோவின் படைப்பு துணியில் எஞ்சிய வண்ணமா, 1964இல் காண்போர் கண்ட நிறமா என்னும் வினாவை இம்மீட்பு எழுப்புகிறது. மாலைதோறும் ஒளி அணைக்கப்பட்டமை, இழப்பை மறைக்காமலே மீட்பைக் காட்டியது. அதுவே இம்முறையின் நேர்மை. அரூப ஓவியத்தில் பொருளையும் ஒளியையும் பிரித்தல் இயலாது. ஆகவே, இத்தகைய படைப்புகளைப் பேணும் நிறுவனங்கள் துணியையும் வண்ணத்தையும் காப்பதோடு அமையாது, அவை எவ்வொளியில் காணப்பெற்றன என்பதனையும் பதிவு செய்தல் இன்றியமையாதது.