10 ரூபா டாப்-அப்: ரெண்டரை ரூபா யார் பாக்கெட்டுக்கு போகுது?

சென்னை: "பத்து ரூபா போட்டேன், 7 ரூபா 47 காசுதான் ஏறியிருக்கு. மீதி எங்கேப்பா?" என்று ரீசார்ஜ் கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பாவம், அந்தக் காசில் கடைக்காரர் கை வைக்கவில்லை. அவருக்கான கமிஷனை செல்போன் கம்பெனி தனியாகக் கொடுத்துவிடுகிறது. வெட்டு விழுவது வேறு இரண்டு இடங்களில்.

முதல் வெட்டு 18 சதவீத ஜி.எஸ்.டி. அப்படியானால் 10 ரூபாய்க்கு 1.80 தானே என்று கணக்கு போடாதீர்கள். 10 ரூபாய் என்பதே வரியும் சேர்ந்த விலை. அதை 118 பங்காக்கி 18 பங்கை வரியாக எடுக்கிறார்கள். அது 1 ரூபாய் 53 காசு. மிச்சம் 8.47.

அடுத்தது 'பிராசசிங் பீஸ்'. இது அரசுக்குப் போவதில்லை, கம்பெனிக்கே. டாப்-அப் தொகையில் 10 சதவீதம் அல்லது 3 ரூபாய், இதில் எது குறைவோ அதுவரை எடுக்கலாம் என்று 2013-ல் டிராய் உத்தரவு போட்டது. 10 ரூபாய்க்கு 1 ரூபாய் போச்சு. கையில் நிற்பது 7.47.

100 ரூபாய் போட்டால்?

வரி 15.25, பீஸ் 3 ரூபாய். ஏறுவது 81.75. அதே 100 ரூபாயை பத்து பத்தாக பத்து தடவை போட்டால் கிடைப்பது 74.70 மட்டும். 7 ரூபாய் 5 காசு அம்பேல்! வரி இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பீஸ்தான் 3 ரூபாய்க்குப் பதில் 10 ரூபாயாகிவிடுகிறது. 1000 ரூபாய் போடுகிறவருக்கும் அதே 3 ரூபாய்தான், அவருக்கு 844.46 ஏறும். அன்றாடம் காய்ச்சிக்குத்தான் அடி. முடிந்தவர்கள் 10, 20 என்று போடாமல் 50, 100 என்று போடுவதே லாபம். ஏறிய காசில் பேசும்போது மறுபடியும் வரி பிடிக்க மாட்டார்கள்.

அன்லிமிடெட் பேக் வந்தபிறகு டாப்-அப் எதற்கு என்று கேட்கலாம். துபாய், மலேசியாவில் இருக்கும் பிள்ளைகளிடம் பேச ஐ.எஸ்.டி. போட்டால், அதற்கென தனி பேக் இல்லாதவர்களுக்கு இந்த பேலன்சில்தான் கழியும். ஒன்று கவனம்: வேலிடிட்டி முடிந்திருந்தால் வெறும் டாப்-அப்பை வைத்துக்கொண்டு பெரும்பாலும் பேச முடியாது. முதலில் பேக் போட வேண்டும்.

பேக்கிலும் வரி இல்லாமல் இல்லை, விலைக்குள் ஒளிந்திருக்கிறது. 299 ரூபாய் பேக் என்றால் அதில் 45.61 வரி. மத்திய அரசுக்குப் பாதி, மாநில அரசுக்குப் பாதி. ஆன்லைனில் ரீசார்ஜ் செய்தால், கம்பெனி பதிவில் உங்கள் முகவரி எந்த மாநிலமோ அந்த மாநிலத்துக்குப் பங்கு போகும். சில ஆப்களில் 'பிளாட்பார்ம் பீஸ்' என்று ஒன்றிரண்டு ரூபாய் சேர்ப்பார்கள். அது இந்த இரண்டு வெட்டிலும் சேராது, ஆப்காரர்கள் வசூல்.

1994-ல் சேவை வரி வந்தபோது முதல் மூன்று இனங்களில் டெலிபோனும் ஒன்று. அப்போது 5 சதவீதம். 2016-ல் செஸ்சும் சேர்த்து 15 ஆனது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து 18 ஆக ஏறியது. 2025 செப்டம்பரில் டி.வி., ஏ.சி.க்கெல்லாம் வரி குறைந்தபோதும் செல்போன் பேச்சுக்கு அதே 18தான்.

டாப்-அப் போட்டதும் வரும் எஸ்.எம்.எஸ்.சில் கட்டிய தொகை, பீஸ், வரி, ஏறிய தொகை நாலும் இருக்க வேண்டும். அதை அழிக்காதீர்கள். கணக்கு உதைத்தால் 198-க்கு போன் போட்டு புகார் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த போனுக்குக் காசு கிடையாது.